பழைய கரையோரம்: பாமர் ரோட்டிலிருந்து கிளிஃபர்ட் பியர் வரை

ஊரிலிருந்து யாராவது வந்தால் சிங்கப்பூர்த் தமிழர்கள் கூட்டிப் போகும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும். தேக்கா, முஸ்தபா, மெர்லயன், செந்தோசா, நேரமிருந்தால் விலங்குத் தோட்டம். தேக்காவில் இறங்கியதும் "நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்று அவர்கள் சொல்லும்போது நமக்கும் மனம் நிறைந்துவிடுகிறது. தேக்கா மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் நம்மவர்கள் இந்தத் தீவில் முதலில் கால் வைத்த இடம், முதலில் கடை போட்ட இடம், கும்பிடவும் தொழவும் முதலில் கூரை வேய்ந்த இடம் எல்லாம் துறைமுகத்தை ஒட்டி, தெலுக் ஆயருக்கும் சிங்கப்பூர் ஆற்றுக்கும் நடுவில் இருக்கின்றன. தேக்காப் பக்கம் மாட்டுப் பட்டிகள் வந்து, அவற்றைச் சுற்றி ஆட்கள் குடியேறியது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பழைய கரையை ஒரு காலைப் பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். இங்குள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த வழியில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தஞ்சோங் பகார் எம்ஆர்டியில் இறங்கி பாமர் ரோட்டுக்கு நடந்து வாருங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் சின்ன மேடு ஒன்று மிஞ்சியிருக்கும். ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்ற பாமர் குன்றில் வெட்டியது போக எஞ்சியது அது. படியேறிப் போனால் ஹபீப் நோவின் அடக்கத்தலம். 1866-இல் மறைந்த பெரியவர். கடல் பயணம் போகிறவர்கள் இங்கே வந்து துஆ கேட்டுவிட்டுக் கப்பல் ஏறுவது வழக்கமாக இருந்தது. இன்றைக்கும் மலாய்க்காரர்களோடு தமிழ் முஸ்லிம்கள் பலர் வருகிறார்கள். பக்கத்தில் 1903-இல் கட்டிய ஹாஜி முகம்மது சாலே பள்ளிவாசல் இருக்கிறது.

இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் இருப்பதுதான் தஞ்சோங் பகார் துறைமுகம். 1864-இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி தொடங்கியதிலிருந்து அங்கே மூட்டை தூக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். வீட்டில் பெரியவர்கள் "ஆர்பர் போர்டு வேலை" என்று சொல்வார்களே, அந்த வேலை. 1972 ஜூன் 23 அன்று முதல் கொள்கலன் கப்பல் இங்கே வந்து கட்டியது. அதற்குப் பிறகு தோளிலும் முதுகிலும் சுமந்த வேலை படிப்படியாகப் பாரந்தூக்கியின் கைக்குப் போனது. நகரத்தை ஒட்டிய முனையங்கள் 2027-க்குள் துவாசுக்கு மாறிவிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாரந்தூக்கிகளைக் காட்ட நினைத்தால் தள்ளிப் போடாதீர்கள்.

பாமர் ரோட்டிலிருந்து வடக்கே நடந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட். இந்த நடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1820களில் இந்தத் தெருவின் கிழக்கு ஓரத்தில் அலையடித்தது. படகிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக இந்தத் தெருவில்தான் ஏறினார்கள். 1879-இல் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. உள்ளே இருந்த வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணைக் கொட்டினார்கள். அப்படி வந்த நிலத்தில்தான் செசில் ஸ்திரீட்டும் ராபின்சன் ரோடும் போட்டார்கள். 1930களின் தொடக்கம் வரை இன்னும் கொஞ்சம் தூர்த்ததில் ஷென்டன் வேக்கு நிலம் வந்தது. 1970களிலிருந்து தூர்த்தது மரினா பே. இங்கே நின்று கிழக்கே பார்த்தால் ஒவ்வொரு தெருவும் ஒரு தலைமுறைக் கரை. என் அம்மாவை முதல் தடவை கூட்டி வந்தபோது, "கடற்கரைன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தே, எங்கடா கடல்?" என்று கேட்டார். ராபின்சன் ரோடு, ஷென்டன் வே, மரினா என்று வரிசையாகக் கை நீட்டிக் காட்டினேன். "அவ்வளவு தூரமா தள்ளிவிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு நடை முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தெருவின் தெற்குப் பக்கமிருந்து வந்தால் முதலில் அல்-அப்ரார் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்கள் 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது. 1850களில் செங்கல் கட்டடம் ஆனது. குடிசைக் காலத்துப் பெயரிலேயே குச்சுப் பள்ளி என்று இன்றும் சொல்கிறார்கள். கடைவீட்டு வரிசைக்குள் ஒன்றாக நிற்பதால் கவனிக்காமல் கடந்துவிடுவோம். இரண்டு சின்ன மினாராக்களை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தியான் ஹொக் கெங். 1839-இல் தொடங்கி 1842-இல் முடித்த ஹொக்கியன் சீனர்களின் கோயில். மூலவர் மாசு, கடலோடிகளைக் காக்கும் தாய். சீனத்திலிருந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள் முதலில் வந்து ஊதுவத்தி ஏற்றிய இடம். ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்துக் கட்டியது என்பார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்க்கத் தயங்க வேண்டாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கோயிலைத் தாண்டினால் சின்னப் பூங்கா, அதை அடுத்து நாகூர் தர்கா. இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு பக்கம் மாசு, மறுபக்கம் நாகூர் ஆண்டவர். 1828-இலிருந்து 1830-க்குள் நம் கரையோர முஸ்லிம்கள் கட்டியது இந்தத் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பியது, இங்கே அடக்கம் கிடையாது. நாகூர்க் கதை நமக்குத் தெரிந்ததுதான். நடுக்கடலில் கப்பல் ஓட்டையாகித் தண்ணீர் புகுந்தபோது, ஊரில் முடி மழித்துக்கொண்டிருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீச, அது போய் ஓட்டையை அடைத்தது என்பார்கள். அந்தக் கதையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் காரைக்காலிலும் மரக்கலம் ஏறினார்கள். கரை சேர்ந்ததும் நன்றி சொல்ல அதே ஆண்டவருக்கு இங்கே ஒரு வாசல் வைத்தார்கள். சீனக் கடலோடியும் தமிழ்க் கடலோடியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே தெருவில், ஒரே பயத்துக்கும் ஒரே நன்றிக்கும் இரண்டு வீடு கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் பல இன ஒற்றுமையைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். எனக்கு இந்தத் தெருவைக் காட்டினால் போதும்.

தர்காவின் முகப்பை எதிர்ப்புற நடைபாதையிலிருந்து பாருங்கள். கீழ்ப்பகுதியில் ஐரோப்பியப் பாணியில் வரிவரியாகச் செதுக்கிய தூண்களும் வளைவுகளும். கண்ணை மேலே கொண்டுபோனால், கூரை விளிம்பில் குட்டிக் குட்டி மாடங்களும் துளையிட்ட சல்லடைச் சுவரும். மூலைகளில் அடுக்கடுக்காய் உயரும் மினாராக்கள். தெருவோடு போகிறவன் கீழ்ப்பாதியை மட்டும் பார்த்தால் வெள்ளைக்காரன் கட்டடம் என்பான், மேல்பாதியை மட்டும் பார்த்தால் நாகூரை நினைப்பான். 1974-இல் தேசிய நினைவுச்சின்னமானது. பழுதடைந்து சில காலம் மூடிக் கிடந்து, 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். உள்ளே இருக்கும் பழைய புகைப்படங்களையும் பொருள்களையும் அவசரமில்லாமல் பாருங்கள்.

குரோஸ் ஸ்திரீட்டைத் தாண்டினால் ஃபுக் தக் சி, 1824-இல் தொடங்கிய சீனக் கோயில், இப்போது அருங்காட்சியகம். நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

இங்கிருந்து மேற்கே திரும்பி சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போக வேண்டும். கரையை விட்டு உள்ளே போகிற ஒரே பகுதி இது. மாரியம்மன் கோயிலும் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் அங்கே இருப்பதால் தவிர்க்க முடியாது. மாரியம்மன் கோயிலைக் கட்டிய நாராயண பிள்ளை 1819-இல் ராஃபிள்சின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். துணிக்கடை வைத்தார். அது 1822-இல் தீயில் போய்விட்டது. கடன்பட்டு மறுபடி எழுந்தார். கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயரில்தான் இடம் கொடுத்தார்கள். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. அதனால் இடம் மாறி, கடைசியில் 1827-இல் இங்கே கீற்றுக் கொட்டகையாக எழுந்தது கோயில். அப்போது அவர் எழுந்தருளச் செய்த சின்ன அம்மனை இன்றும் தரிசிக்கலாம். 1843-இல் செங்கல் கட்டடம் ஆனது. கடைசியாக 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. ஐப்பசியில் தீமிதி. தேக்காவின் பெருமாள் கோயிலிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் நடந்து இங்கே வந்துதான் பூக்குழி இறங்குகிறார்கள். தேக்காவிலிருந்து துறைமுகம் நோக்கி வருடம்தோறும் நம்மவர்கள் நடக்கும் நடை அது.

2019-இல், ராஃபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டு நினைவின்போது, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சங் நீல உத்தமா, டான் டொக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோருடன் நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்தார்கள். தற்காலிகமாகத்தான். அது அங்கேயே நிரந்தரமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஊர் கட்டச் செங்கல் சுட்டவர் அவர்.

கோயிலுக்கு இரண்டு அடி தள்ளி ஜாமியா சூலியா பள்ளிவாசல், பெரிய பள்ளி. 1826-இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1830களில் எழுந்தது. அதன் வாசல் முகப்பில் இரண்டு மினாராக்களுக்கு நடுவே உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவில் கதவுகளும் ஜன்னல்களும் வைத்து, நான்கு மாடிகளாக ஒரு குட்டி அரண்மனை செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். வாசல் தெருவுக்கு நேராக இருக்கிறது, தொழுகைக் கூடமோ கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வாசல் தெருக்கோட்டுக்கு அடங்கியது. உள்ளே இருப்பது மக்காவை நோக்கியது.

சர்ச் ஸ்திரீட் வழியாகக் கிழக்கே இறங்கினால் மார்க்கெட் ஸ்திரீட். பழையதில் ஒன்றுமே மிஞ்சாத இடம். எனக்கு மனம் கனப்பதும் இங்கேதான். ஒன்றரை நூற்றாண்டு இது செட்டியார் தெரு. அஞ்சடியை, அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையை, ஒட்டிய கடைவீடுகளில் வரிசையாகக் கிட்டங்கிகள். கிட்டங்கி என்றால் ஒருவர் கடை கிடையாது. நீளமான ஒரு கூடம். சுவரோரமாக ஆளுக்கு ஓர் இடம். ஒரு பாய், ஒரு சாய்ப்பு மேசை, ஒரு பெட்டகம். அவ்வளவுதான் ஒரு வட்டித் தொழில். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை உண்டு. பகலில் பாயில் சம்மணமிட்டுக் கணக்கெழுதியவர்கள் இரவில் அதே கூடத்தில் படுத்தார்கள். சமையல் பொதுவில். முதலாளியின் ஆளாக வந்தவர் மூன்று வருடம் கணக்குப் பார்த்துவிட்டு ஊருக்குப் போவார், அடுத்தவர் வருவார். வங்கிக்காரன் ஏறெடுத்தும் பார்க்காத சின்ன வியாபாரிக்கும், வீடு கட்ட நினைத்தவனுக்கும், தமிழன், சீனன், மலாய்க்காரன் என்று பாராமல் இங்கேதான் பணம் கிடைத்தது. வட்டியைப் பற்றிக் கசப்பான கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த நகரத்தின் நிதி மையம் இன்றைக்கும் நிற்பது அந்தப் பாய்கள் விரித்திருந்த தரையில்தான்.

1970களில் நகரச் சீரமைப்பு வந்தது. கிட்டங்கிகள் போயின. செட்டியார்கள் டேங்க் ரோட்டுக்கும் வேறு இடங்களுக்கும் மாறினார்கள். 1859-இல் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் இருப்பதால் சமூகம் சிதறவில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் கியோங் சாய்க் ரோட்டு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்வரும்போது அந்தப் பழைய வட்டாரம் ஒரு நாளாவது உயிர்பெறுகிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் இப்போது 51 மாடிக் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. அதன் உச்சித் தோட்டம் பொதுமக்களுக்கும் உண்டு, கட்டணம் இல்லை. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். இந்த நடையில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் உண்மையான கடல் தெரிவது அங்கிருந்துதான்.

சூலியா ஸ்திரீட் வழியாக ஆற்றுக்கு வாருங்கள். போட் கீயில் இப்போது மதுக்கூடங்களும் கடலுணவுக் கடைகளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய கப்பல்கள் வெளியே நிற்க, சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவந்தவை தொங்கான் என்னும் சரக்குப் படகுகள். அதில் முதல் பல பத்தாண்டுகள் ஆதிக்கம் செலுத்தியவர்கள் சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் படகுக்காரர்கள். பிறகு சீனர்களின் கைக்குத் தொழில் மாறியது. 1977-இல் ஆற்றைத் துப்புரவாக்கும் திட்டம் தொடங்கி, 1983-இல் படகுகள் எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. ஆறு சுத்தமானது. தொழில் முடிந்தது.

கேவனா பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போய் வாருங்கள். 1869-இல் கட்டியது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து, உழைப்பு இந்தியக் கைதிகளுடையது. அவர்கள் முடித்த கடைசிப் பெரிய வேலை இது. 1825-இல் சுமத்திராவின் பென்கூலனிலிருந்து கொண்டுவந்த முதல் கூட்டத்திலேயே சென்னை மாகாணத்தவர் இருந்தார்கள். 1873-இல் கைதிக் கூடம் மூடும்வரை சாலை, கடற்சுவர், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் என்று எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. பாலத்தின் இரு முனையிலும் பழைய அறிவிப்புப் பலகையைத் தேடிப் படியுங்கள். மூன்று ஹன்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், மாடு குதிரைகளுக்கும் அனுமதியில்லை என்று இருக்கும். மாட்டுவண்டிக்காரனுக்குச் சொன்னது அது. அக்கரையில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம், செட்டியார் முதல் நிதியாளர் வரை என்னும் பொருளில் ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் காணாத செட்டியாரை அங்கே பார்க்கலாம்.

ஆற்று முகத்தில், இப்போது ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கும் பகுதியில்தான் பழைய கல்வெட்டுப் பாறை ஒன்று இருந்தது. 1843-இல் ஆற்று வாயை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்து இதுவரை முழுதாகப் படிக்கப்படவில்லை. அதில் பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் ஒரு பகுதி இருக்கலாம் என்று அண்மையில் ஓர் ஆய்வாளர் கருத்துச் சொன்னார். நம்மில் பலர் உடனே ராஜேந்திர சோழன் நட்ட கல் என்று முடிவே கட்டிப் பகிர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பெருமைக்குச் சான்று தேட வேண்டுமென்றால், இதுவரை நடந்த தெருக்களிலேயே பெயரும் ஆண்டும் கட்டடமுமாக எவ்வளவோ நிற்கிறது.

ஃபுல்லர்ட்டன் கட்டடம் 1928-இல் திறந்தது. பெரிய தபால் நிலையம் இங்கேதான் இருந்தது. தீவின் சாலைத் தூரங்களை இதிலிருந்துதான் அளந்தார்கள். ஏழாவது கல், பத்தாவது கல் என்று நம் பெரியவர்கள் இடம் சொன்னதெல்லாம் இங்கிருந்து எண்ணியதுதான். 1958-இலிருந்து 1970களின் இறுதிவரை கூரையில் கலங்கரை விளக்கும் எரிந்தது.

சாலையைக் கடந்தால் கிளிஃபர்ட் பியர். 1933-இல் திறந்தது. உள்ளே நடுவில் தூணே இல்லாமல் வளைந்து செல்லும் கான்கிரீட் கூரை. 2006-இல் படகுத்துறை மூடியது, இப்போது ஹோட்டலின் பகுதி. இங்கே நிற்கும்போது எனக்கு ரஜூலா கப்பல் நினைவுக்கு வரும். என் தாத்தா அதில் வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய், ஆடும் ஏணியில் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்துப் பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாக இங்கே வருவார்கள். அம்மை, காலரா சந்தேகம் இருந்தால் செயின்ட் ஜான்ஸ் தீவில் அடைத்து வைத்துவிட்டுத்தான் விடுவார்கள். ரஜூலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது. கேவனா பாலத்தின் இரும்பு அங்கிருந்து வந்தது. லாவ் பா சாட் சந்தையின் வார்ப்பிரும்பும் அந்த ஊர்தான். தியான் ஹொக் கெங்கின் இரும்புக் கதவும் அங்கிருந்து வந்ததுதான். இத்தனைக்கும் நடுவில் ஆட்கள் மட்டும் நாகப்பட்டினத்திலிருந்தும் சீனத்தின் அமோயிலிருந்தும் வந்தார்கள்.

துறைக்கு முன்னால் தெரியும் தண்ணீர் இப்போது கடல் இல்லை. 2008-இல் மரினா அணைக்கட்டு முடிந்த பிறகு இது நீர்த்தேக்கம். சுத்திகரித்துக் குழாயில் வருகிறது.

நடைமுறை விஷயங்கள் சில. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் பாமர் ரோட்டில் தொடங்குவது நல்லது. மாரியம்மன் கோயில் நடை பகல் பன்னிரண்டுக்குச் சாத்தினால் மாலையில்தான் திறக்கும், அதற்குமுன் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தர்காவுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை, கழற்றிப் போட எளிதான செருப்பு. முதியவர்கள் கூட வந்தால் பாமர் ரோட்டை விட்டுவிட்டு நேராகத் தெலுக் ஆயர் எம்ஆர்டியிலேயே தொடங்கலாம். தர்காவுக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், பெரும்பாலும் அஞ்சடி நிழலிலேயே போய்விடலாம். பசித்தால் லாவ் பா சாட் போகலாம். அங்கே விலை அதிகம் என்று தோன்றினால், தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் பின்புறத் தெருவில் அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையம் இருக்கிறது, ஆனால் அலுவலகக்காரர்கள் வரும் வார நாள் மதியத்தில் உட்கார இடம் கிடைக்காது.